வெட்டினால் கவ்வாத்து, கொளுத்தினால் நாற்றுமேடை

இலங்கையில் பட்டிப்பொலைப் பக்கமாக ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறியவர்களுக்கு அந்த மஞ்சள் பூப் புதரைத் தெரிந்திருக்கும். முகர்ந்தால் தேங்காய் வாசம். பறிக்கப் போனால் விரலில் இரத்தம், ஏனென்றால் இலை இருக்கவேண்டிய இடமெல்லாம் முள். பெயர் யூலெக்ஸ், வெள்ளைக்காரன் காலத்து இறக்குமதி. அதன் பங்காளியான ஸ்கொட்ச் புரூமுக்கு முள் கிடையாது, விளக்குமாற்றுக் கட்டுப்போல் பச்சைக் குச்சிகள்தான். நீலகிரியில் புல்வெளியை விழுங்குவது அது. இரண்டின் காய்களும் வெயிலில் படீரென்று வெடித்து விதையை வீசும். யூலெக்ஸ் விதை மண்ணுக்குள் 30 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். இவற்றை ஒழிக்கும் எந்த வழியையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

வெட்டுவது பற்றித் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறோமே, அது சாகவா? யூலெக்ஸும் அப்படித்தான், அடிக்கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகத் தளிர்க்கும். புரூம் கொஞ்சம் சாது. முதிர்ந்த செடியை வறட்சிக் காலத்தில் தரையோடு வெட்டினால் பெரும்பாலும் பட்டுப்போகும்.

கொளுத்துவது இன்னும் மோசம். எண்ணெய்ப் பசையுள்ள செடி, பச்சையாகவே பற்றி எரியும். பிறகு கட்டை தளிர்க்கும், சூடு பட்ட விதைகள் நாற்றுமேடைபோல் மொத்தமாக முளைக்கும்.

வெட்டிய கையோடு கட்டையில் களைகொல்லி பூசினால் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஊற்றுக்கண் அந்த மேடு. 2015இல் கிளைபொசேட் என்ற களைகொல்லியைத் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்ட நாடு இது. தண்ணீர் பிறக்கும் இடத்தில் மருந்து ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

நியூசிலாந்தில் 1931இலேயே விதை தின்னும் கூன்வண்டை இறக்கினார்கள். வசந்தகாலக் காயை அது தின்றது; இலையுதிர்காலக் காய் தப்பித்துக்கொண்டது. அங்கே இன்னொரு வழியும் உண்டு: புதரைச் சும்மா விட்டால் அதன் நிழலில் காட்டு மரங்கள் வளர்ந்து, கடைசியில் புதரையே மூடிவிடும். நமக்கு இது உதவாது. சமவெளியில் காப்பாற்ற வேண்டியது பத்தனை எனப்படும் மலைப் புல்வெளியை. அங்கே மரம் வளர்த்தால் புல்லும் போய்விடும்.

மிஞ்சுவது பிடுங்குவது. ஆள் அதிகம் வேண்டும், முதுகு ஒடியும், பெரிய புதருக்கு அலவாங்கு இல்லாமல் முடியாது. மண்ணைக் கிளறினால் புதைந்த விதை மேலே வரும் என்பதும் உண்மை. இருந்தும் என் கட்சி இதுதான். மழை விட்ட மறுநாள் முழங்கால் உயரக் கன்றை அடியில் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். பூக்கும் முன் எடுத்தால் ஒரு விதைகூட விழாது. (தேசியப் பூங்கா அது, சுற்றுலா போனவர்கள் தாமாகவே தொடங்கிவிட வேண்டாம், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.) குழியை மிதித்து மூடி இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருடம் அதே இடத்தில் மறுபடி முளைத்திருக்கும்.