ஸ்டீவன்ஸா, சம்னரா?

அடிமை முறையை எதிர்த்த அமெரிக்க வக்கீல்-அரசியல்வாதிகளில் யாரைப் பற்றி முதலில் படிக்கலாம்? பரபரப்பு வேண்டுமென்றால் சார்லஸ் சம்னர். பாஸ்டன்காரர், ஹார்வர்டில் சட்டம் படித்தவர். 1856 மே மாதம் செனட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவரை அடிமை முறையை ஆதரித்த தென் கரோலினா காங்கிரஸ் உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் விளாசினார். தரையோடு பொருத்திய மேசைக்கடியில் கால் மாட்டிக்கொள்ள, சட்டென்று எழக்கூட முடியவில்லை. தேறி வர மூன்று வருடம் ஆனது. ஆனால் அவர் பேச்சுகளில் பண்டிதத்தனம் கொஞ்சம் தூக்கல்.

தாடியஸ் ஸ்டீவன்ஸ் வேறு ரகம். வெர்மாண்டின் ஏழைக் குடும்பம், பிறவியிலேயே வளைந்த பாதம், நாக்கில் கத்தி. பென்சில்வேனியாவின் இலவசப் பள்ளிச் சட்டம் 1835இல் ரத்தாகாமல் தப்பியதில் அவர் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. என் ஓட்டு இவருக்குத்தான். 1868இல் இறந்தவரை பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் ஊரில் எங்கே புதைத்தார்கள் தெரியுமா? கறுப்பர், வெள்ளையர் என்று பார்க்காத சின்னக் கல்லறைத் தோட்டத்தில். அவரே தேர்ந்தெடுத்த இடம் அது.