எல்விஸ் வீட்டுக்குப் போனால் துணிகளைப் பாருங்கள்

மெம்ஃபிஸில் எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்த கிரேஸ்லேண்டைப் பார்க்க டிக்கெட் வகைகள் பல உண்டு. வீடும், சாலைக்கு எதிர்ப்பக்கம் உள்ள காட்சிக்கூடங்களும் சேர்ந்த டிக்கெட் தலைக்கு 80 டாலருக்கு மேல் வருகிறது. வண்டி நிறுத்தத் தனிக் காசு. செத்துப்போன ஒரு பாடகரின் சோபாவையும் காரையும் பார்க்க இவ்வளவா என்று மகனிடம் முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். அவனுக்கு அந்த ஊரில் வேலை. வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை எல்லாம் அங்கே கூட்டிப் போவது அவன் வழக்கம்.

நான் திருச்சியில் தையல் கடை வைத்திருந்தவன். கல்யாண சீசனுக்குச் சட்டை பேன்ட் தைத்தாலும் என் பிழைப்பு பெரும்பாலும் மேடை உடுப்புதான். மெல்லிசைக் குழு, நாடகம், பள்ளி ஆண்டு விழா நடனம் என்று சமிக்கியும் ஜிகினாவும் பார்த்தே கண் போனது. அதனால் என் விமர்சனம் ஒருதலையாகத்தான் இருக்கும். கிரேஸ்லேண்டில் காசுக்குத் தகுந்த பொருள் எதுவென்று கேட்டால், எதிர்ப்பக்கக் கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற ஜம்ப்சூட்டுகள். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

எல்விஸ் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது அந்த வெள்ளை உடுப்பு. மேலும் கீழும் ஒரே துண்டு, காதைத் தொடும் காலர், கீழே விரிந்த கால். அதை வடிவமைத்தவர் பில் பெலூ. 1969இல் எல்விஸ் லாஸ் வேகாஸ் மேடைக்குத் திரும்பியபோது கராத்தே உடுப்பை ஒட்டி இரண்டு துண்டாகத்தான் செய்தார்கள். எல்விஸ் மேடையில் கராத்தே உதைகளைச் செய்பவர். குனிந்து நிமிர்ந்தால் மேல் துணி இடுப்பை விட்டு வெளியே வந்துவிடும். அடுத்த வருஷம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். கேட்பதற்கு எளிதாக இருக்கும். தைத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், ஒரே துண்டு உடுப்பில் தோளுக்கும் கவட்டைக்கும் நடுவே அளவு அரை அங்குலம் குறைந்தால் போட்டவன் கையைத் தூக்கவே முடியாது. அரை அங்குலம் கூடினால் உட்காருகிற இடத்தில் பை போலத் தொங்கும். இந்த மனிதரோ கையையும் தூக்குவார், காலையும் தூக்குவார், மண்டியும் போடுவார். அதற்கு இழுபடும் கபர்டீன் துணியைப் பிடித்திருக்கிறார்கள். கால் விரிப்பில் தனி மடிப்பு வைத்து உள்ளே வேறு நிறத் துணி கொடுத்திருக்கிறார்கள். நின்றால் மூடியிருக்கும், உதைத்தால் மட்டும் பளிச்சென்று தெரியும். மேடை தெரிந்தவன் செய்கிற வேலை அது.

காலரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பாடகர் ஒருவர் கேசட் அட்டையில் வந்த எல்விஸ் படத்தைக் கொண்டுவந்து, "மாஸ்டர், இந்தக் காலர் அப்படியே வேணும்" என்றார். கேன்வாஸ் இரண்டு மடிப்பு வைத்து, கஞ்சி போட்டு, அயர்ன் பண்ணிக் கொடுத்தேன். இரண்டாவது பாட்டிலேயே வியர்வையில் காலர் படுத்துவிட்டது என்று மறுநாள் வந்து சண்டை போட்டார். அதனால் இங்கே காலர் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். பெலூ அதை நெப்போலியன் காலத்து ராணுவக் காலரிலிருந்து எடுத்தாராம். கழுத்தின் பின்பக்கம் நிமிர்ந்து நின்று, முன்னால் வரும்போது வளைந்து விரிகிறது. பல உடுப்புகளில் காலரின் மேலேயே கற்களும் உலோகப் பொட்டுகளும் வரிசையாக இருக்கின்றன. பார்ப்பவருக்கு அது அலங்காரம். எனக்கு என்னவோ அந்த ஓரத்துப் பொட்டுகளே காலருக்கு முதுகெலும்பாகவும் இருக்கும் என்று பட்டது. கண்ணாடி இல்லாவிட்டால் தொட்டுப் பார்த்திருப்பேன்.

அலோஹா உடுப்பு என்று ஒன்று. 1973 ஜனவரி 14 அன்று ஹோனலுலுவில் நடந்து, செயற்கைக்கோள் வழியாகப் பல நாடுகளுக்குப் போன கச்சேரிக்குச் செய்தது. அமெரிக்காவைக் காட்டும்படி ஏதாவது வேண்டும் என்று எல்விஸ் கேட்க, பெலூ கழுகைப் போட்டார். மார்பிலும் முதுகிலும் சிவப்பு, நீலம், பொன் நிறக் கற்களால் ஆன கழுகு. படத்தில் பார்க்கும்போது ஒட்டுமொத்தமாக மின்னுகிறது, அவ்வளவுதான். கிட்டே போனால் கற்களுக்கு இடையே வெள்ளைத் துணி எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. எங்கள் பக்கம் கல் வேலை செய்கிறவர்கள் இடைவெளியே விடமாட்டார்கள். கல்லுக்குக் காசு வாங்கியாயிற்று, நிறைய வைத்தால்தான் வாடிக்கையாளருக்குத் திருப்தி. இங்கே இறகு இறகாகப் பிரித்திருக்கிறார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்கும் கழுகு கழுகாகவே தெரியும். இந்த உடுப்புக்கு முதலில் தோளிலிருந்து தொங்கும் கேப் ஒன்றைத் தரை வரை நீளமாகச் செய்தார்களாம். அதன் கனம் தாங்காமல் இடுப்பளவு கேப் ஒன்றை மறுபடி செய்தார்கள். கச்சேரி முடிவில் எல்விஸ் அதைக் கழற்றிக் கூட்டத்தில் எறிந்துவிட்டார். ராத்திரி பகலாக உட்கார்ந்து கல் பதித்தவர்கள் அதை டிவியில் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

எழுபதுகளின் நடுவில் வந்த உடுப்புகளில் கற்கள் குறைந்து நூல் வேலை கூடுகிறது. அந்த எம்பிராய்டரி ஜீன் டூசெட் என்பவருடைய கைவரிசை. நீல மயில் போட்ட உடுப்பு ஒன்று 2008இல் ஏலத்தில் 3 லட்சம் டாலருக்குப் போனது. எல்விஸுக்கு மயில் பிடிக்கும். வீட்டு முன்கூடத்தின் வண்ணக் கண்ணாடியிலும் மயில்கள்தான். வயலூர் முருகனுக்குப் பக்கத்து ஊர்க்காரனான எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

கறுப்புத் தோல் உடுப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1968இல் என்.பி.சி. டிவி நிகழ்ச்சிக்காக இதையும் பெலூதான் செய்தார். ஜீன்ஸ் சட்டையும் பேன்டும் எந்தக் கட்டிங்கோ அதே கட்டிங்கை அப்படியே தோலில் எடுத்திருக்கிறார். ஸ்டுடியோ விளக்குச் சூட்டில் தோலைப் போட்டுக்கொண்டு பாடியிருக்கிறார் மனிதர். துணியில் ஊசி தவறினால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை போட்டதுதான். அந்தத் தையல் எங்கும் கோணவில்லை. 1957இல் நூடி கோன் தைத்த பொன்னிற லாமே, அதாவது உலோக இழைத் துணி, சூட் வேறு வகை. நிஜ விலை 2,500 டாலர், விளம்பரத்துக்காக 10,000 என்று சொன்னார்கள். மேடையில் மண்டி போட்டால் முழங்காலில் பொன் உதிர்கிறது என்று மேனேஜர் கர்னல் பார்க்கர் தலையில் கை வைத்துக்கொண்டதாகக் கதை உண்டு. எல்விஸுக்கும் அந்த பேன்ட் பிடிக்காமல் கோட்டை மட்டும் போட ஆரம்பித்தார். எனக்கும் அது பிடிக்கவில்லை. உடுப்புதான் மனிதரைப் போட்டுக்கொண்டிருக்கிறது.

1977இல் அவர் பெரும்பாலும் ஒரே உடுப்பைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார். மெக்சிகன் சூரிய வட்டம் போட்டது. ஜூன் 26 அன்று இண்டியானாபொலிஸில் நடந்த கடைசிக் கச்சேரியிலும் அதுதான். உடம்பு பெருத்துவிட்டது, மற்றவை ஏறவில்லை. 1970ஆம் வருஷத்து உடுப்பின் இடுப்பை மனதில் வைத்துக்கொண்டு கடைசி வருஷங்களுடையதைப் பாருங்கள். டாக்டர் ரிப்போர்ட்டே வேண்டாம், டெய்லரின் அளவுப் புத்தகம் போதும். எனக்கு ஒரு ஆசை: ஒரே ஒரு உடுப்பையாவது உள்பக்கம் திருப்பி வைக்கலாம். லைனிங் என்ன, மார்ஜின் எவ்வளவு விட்டார்கள், எத்தனை தடவை பிரித்து விட்டார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

சரி, வீடு. பெரிய மாளிகை என்று நினைத்துப் போகாதீர்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்த கண்ணுக்கு இது நடுத்தரம். 1957இல், 22 வயதில், ஒரு லட்சம் டாலருக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கி அப்பா அம்மாவைக் குடிவைத்தார். டுப்பெலோவில் இரண்டே அறை கொண்ட வீட்டில் பிறந்தவர் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால்தான் இந்த வீடு புரியும். கையில் டேப்லெட்டும் காதில் ஹெட்போனும் கொடுத்துவிடுகிறார்கள். ஃபிளாஷ் போடாமல் படம் எடுக்கலாம். முன்கூடத்தில் 15 அடி நீள வெள்ளை சோபா. சமையலறையில் தரைக்குக் கம்பளம் போட்டிருக்கிறார்கள். எண்ணெய் தெறித்தால் என்ன செய்வார்களோ என்று பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரி கேட்டாள். கீழ்த்தளத்தில் மூன்று டிவி வரிசையாக இருக்கிற மஞ்சள் நீல அறையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

அடுத்திருக்கும் பில்லியர்ட்ஸ் அறையில் நின்று பாருங்கள். சுவர், கூரை எல்லாம் துணி. 1974இல் பில் யூபேங்க்ஸ் என்ற அலங்கார நிபுணர் செய்தது. 350 முதல் 400 கஜம் வரை துணியைச் சன்ன மடிப்பாகக் கொசுவி, கூரையின் நடுப்புள்ளியில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். கல்யாணப் பந்தலில் மேலே துணி கட்டுகிறவர்களைக் கேளுங்கள், நடுவில் மடிப்பு குவிகிற இடத்தில் துணி தடித்துப் புடைத்துக்கொள்ளும். இங்கே அது தெரியவே இல்லை. மேசையின் பச்சைத் துணியில் ஒரு மூலையில் கிழிசல் இருக்கிறது. நண்பர் ஒருவர் வித்தை காட்டப் போய்க் கிழித்தது. அதைச் சரி செய்யாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

ஜங்கிள் ரூமில் பச்சைக் கம்பளம் தரையில் மட்டுமல்ல, கூரையிலும். பார்க்கச் சகிக்காது. ஆனால் எதிரொலியை அது விழுங்கிவிடுவதால் 1976இல் ஆர்.சி.ஏ. இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் வண்டியை வெளியே நிறுத்தி, வயரை இழுத்து, இந்த அறையிலேயே பாட்டுப் பதிவு செய்தார்கள். மாடிக்கு யாரையும் விடுவதில்லை. 1977 ஆகஸ்ட் 16 அன்று அவர் இறந்தது அங்கேதான். காசு கொடுத்தும் பார்க்க முடியவில்லையே என்று சிலர் புலம்புகிறார்கள். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. ஒருவர் இறந்த குளியலறையைப் பார்த்து என்ன செய்யப் போகிறோம்?

பொருள்களெல்லாம் சிதறாமல் ஒரே இடத்தில் இருப்பதற்குக் காரணம் குடும்பம். வீட்டைப் பராமரிக்கும் செலவும் வரியும் கழுத்தை நெரித்தபோது, விற்பதற்குப் பதிலாக எல்விஸின் முன்னாள் மனைவி பிரிசில்லா 1982 ஜூன் 7 அன்று டிக்கெட் போட்டுத் திறந்தார். 2005இல் எல்விஸ் பெயரை வைத்து நடக்கும் வியாபாரத்தில் பெரும்பங்கை மகள் லிசா மேரி விற்றபோதும், வீட்டையும் அப்பாவின் சொந்தப் பொருள்களையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். இப்போது அது பேத்தியிடம்.

பின்பக்கம் தியானத் தோட்டம். எல்விஸ், அப்பா, அம்மா, பாட்டி, லிசா மேரி, அவர் மகன் எல்லோரும் அங்கே அடக்கம். அறுபதுகளில் எல்விஸுக்குப் பரமஹம்ச யோகானந்தரின் அமைப்போடு நெருக்கம் இருந்தது. கலிபோர்னியாவில் அவர்கள் வைத்திருக்கும் ஏரிக்கரைத் தோட்டத்தைப் பார்த்துத்தான் இதைக் கட்டினார் என்கிறார்கள். டிக்கெட் எடுக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி: பெரும்பாலான நாள்களில், காலையில் டூர் தொடங்கும் முன்பு இந்தத் தோட்டத்துக்கு மட்டும் இலவசமாக நடந்து போக விடுகிறார்கள். நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள்.

கார்களும் விமானங்களும் என் மகனுக்குப் பிடித்தவை, எனக்குச் சுமார். இளஞ்சிவப்பு காடிலாக் அழகுதான். அம்மாவுக்கென்று கொடுத்தார், அம்மாவுக்கு ஓட்டவே தெரியாது. மகள் பெயர் வைத்த விமானத்தில் சீட் பெல்ட் கொக்கிக்குத் தங்க முலாம். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிட்டேன். சாப்பாட்டுக் கடையில் வேர்க்கடலை வெண்ணெயும் வாழைப்பழமும் வைத்துப் பொரித்த சாண்ட்விச் கிடைக்கும். ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள், முழுசாக ஒருவர் தின்றால் மதியத் தூக்கம் நிச்சயம்.

நினைவுப்பொருள் கடைகளில் எதையும் வாங்கவில்லை. துணி பிடிக்கிறவர்கள் அந்தக் காசை மிச்சம் பிடித்து, ஊருக்குள் பீபாடி ஹோட்டலில் இருக்கும் லான்ஸ்கி கடைக்குப் போங்கள். எல்விஸ் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த வயதில் பீல் தெருவிலிருந்த அவர்கள் கடை ஜன்னலை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். பெர்னார்ட் லான்ஸ்கிதான் உள்ளே கூப்பிட்டார். சாகும்வரை எல்விஸ் அங்கே துணி வாங்கினார், அடக்கம் செய்தபோது போட்டிருந்த வெள்ளை சூட்டும் லான்ஸ்கி கொடுத்ததுதான். விலை நம் ஊர்க் கணக்கில் மயக்கம் வரும். பார்ப்பதற்குக் காசு கேட்கமாட்டார்கள். நான் ஒரு சட்டையின் காலரை நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன்.