விளக்கெண்ணெயா, சிந்தெடிக்கா? மாடல் விமான இன்ஜினுக்கு எதை ஊற்றுவது

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல்லடத்துக்குத் தெற்கே கொள்ளுப் பிடுங்கிப் போட்டிருந்த ஒரு மேட்டாங்காட்டில் பறக்க விட்டுக்கொண்டிருந்தோம். பீளமேடு, சூலூர் பக்கம் விமானத் தளங்கள் இருப்பதால் அங்கே நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதனால்தான் அவ்வளவு தூரம். இன்ஜினியரிங் படிக்கிற தம்பி ஒருவன் வந்தான். அவன் சித்தப்பா பரணில் போட்டு வைத்திருந்த 46 சைஸ் குளோ இன்ஜின், அதாவது 7.5 சிசி, ஒரு கையில். பெட்ரோல் பங்கில் வாங்கிய டூடி ஆயில் பாக்கெட் இன்னொரு கையில்.

"ஏனுங்ண்ணா, ஸ்கூட்டருக்கும் இதுக்கும் ரெண்டும் டூ ஸ்ட்ரோக்குதானுங்களே? இந்த ஆயிலையே மெத்தனால்ல கலந்துக்கலாமுங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. "உங்க காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல ரெண்டு டெஸ்ட் டியூப் எடுத்துக்க. ரெண்டுலயும் மெத்தனால். ஒண்ணுல இந்த ஆயில், இன்னொண்ணுல விளக்கெண்ணெய். நல்லாக் குலுக்கிட்டு அஞ்சு நிமிஷம் வெச்சுப் பாரு" என்றேன். செவ்வாய்க்கிழமை போட்டோ வந்தது. முதல் குழாயில் டூடி ஆயில் நீலமாக அடியில் தனியே உட்கார்ந்திருந்தது. மேலே தண்ணீர் மாதிரி மெத்தனால். இரண்டாவதில் கோடே இல்லை. லேசான மஞ்சளில் ஒரே திரவம்.

அந்தப் போட்டோவில் பாதி விஷயம் முடிந்துவிட்டது. இந்தச் சின்ன இன்ஜின்களில் எண்ணெய்க்கென்று தனி அறை கிடையாது. எரிபொருளோடு கரைந்து உள்ளே போய், பேரிங்கையும் கனெக்டிங் ராடையும் சிலிண்டரின் உள்சுவரான லைனரையும் நனைத்துவிட்டு, சைலன்சர் வழியாக வெளியேறுகிற எண்ணெய்தான் உண்டு. கரையாத எண்ணெய் டேங்கின் அடியில் தங்கிவிடும், இன்ஜினுக்கு வெறும் மெத்தனால் போகும். ஆகவே எல்லோரும் முதலில் எரிபொருளைக் கேட்கிறார்கள், நான் முதலில் எண்ணெயைக் கேட்கச் சொல்வேன்.

குளோ இன்ஜினில் ஸ்பார்க் கிடையாது. பிளக்கில் இருக்கிற பிளாட்டினக் கம்பிச் சுருளை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் பேட்டரியால் சூடேற்றுகிறோம். அப்புறம் மெத்தனால் ஆவியும் பிளாட்டினமும் சேர்ந்து தாமே கனன்றுகொள்கின்றன. 1947-ல் அமெரிக்காவில் ரே ஆர்டன் இந்த பிளக்கைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகுதான், காயிலும் பேட்டரியும் சுமந்துகொண்டு பறக்கிற தொல்லை மாடல் விமானங்களை விட்டது. இதில் பெட்ரோலை ஊற்றினால் ஓடாது. பிளாட்டினத்தோடு அதற்கு அந்த உறவு இல்லை.

இனி எண்ணெய். போட்டி இரண்டு பேருக்குள்தான்: விளக்கெண்ணெய், சிந்தெடிக். சிந்தெடிக் என்று நான் இங்கே சொல்வது மெத்தனாலில் கரையும்படி செய்த பாலிகிளைக்கால் வகை. பைக் கடையில் 'புல்லி சிந்தெடிக்' என்று எழுதி விற்பது வேறு.

ஆளைத் திட்ட வேண்டுமென்றால் 'போடா வெளக்கெண்ணெய்' என்கிற ஊர் இது. ஆனால் முதல் உலகப் போரில் பறந்த நோம், லெ ரோன் சுழல் இன்ஜின்கள் எல்லாம் விளக்கெண்ணெயில்தான் ஓடின. எரியாமல் வெளியே தெறித்த எண்ணெயைச் சுவாசித்த பைலட்டுகளுக்கு வயிறு என்ன ஆகியிருக்கும் என்று நம் ஊர்க் குழந்தைகளுக்கே தெரியும். 1909-ல் வந்த கேஸ்ட்ரால் என்ற பெயரும் கேஸ்டர், அதாவது ஆமணக்கு, என்பதிலிருந்து பிறந்ததுதான். இந்த எண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம். அதில் தொங்குகிற ஒரு ஹைட்ராக்சில் தொகுதிதான் மற்ற சமையல் எண்ணெய்களுக்கு இல்லாத இரண்டு குணங்களைத் தருகிறது: ஆல்கஹாலில் கரையும், உலோகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். 230 டிகிரி வாக்கில்தான் ஆவி தீப்பற்றும். அதற்கு மேல் சூடானாலும் சட்டென்று எரிந்து தொலையாமல், கெட்டியாகி ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும்.

அதுவேதான் அதன் குறையும். ஒட்டியது ஒட்டியதுதான். பிஸ்டன் தலையிலும் லைனரின் மேல் ஓரத்திலும் பழுப்பு வார்னிஷ் ஏறும். ஆறு மாதம் சும்மா வைத்தால் கிராங்க் பசை போட்ட மாதிரி நிற்கும். சிந்தெடிக் இதில் பளிச். ஐம்பது ஓட்டம் ஓடிய இன்ஜினைத் திறந்தாலும் உள்ளே வெள்ளி மாதிரி இருக்கும், இழுவையும் குறைவு. ஆனால் அளவுக்கு மீறிச் சூடானால் அந்த இடத்தை விட்டு எரிந்து போய்விடும். மெத்தனால் எரிந்த ஈரம் உள்ளே தங்கும்போது துருவைத் தடுப்பதிலும் விளக்கெண்ணெய் அளவுக்கு வராது.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். கலவை டின் ஒன்று வாங்கினேன்: முழுக்க சிந்தெடிக், எண்ணெய் 16 சதவீதம். சித்திரை மாதம், மத்தியானம் இரண்டு மணி. வெயிலில் காற்று லேசாகிவிடும், கலவை தானாக ரிச் பக்கம், அதாவது எரிபொருள் கூடின பக்கம், சாயும். அதனால் எரிபொருள் அளவைத் திருகி வைக்கிற நீடிலை இரண்டு கிளிக் மூடி, சத்தம் கணீரென்று வந்ததும் மகிழ்ந்து போனேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அதே நீடிலோடு மறுபடி ஏற்றினேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குளிர்ந்து வர ஆரம்பித்திருந்தது. குளிர்ந்த காற்று அடர்த்தி, கலவை லீன், அதாவது எரிபொருள் குறைவு. அதோடு மூக்கைச் செங்குத்தாகத் தூக்கினேன். டேங்கிலிருந்து எரிபொருள் மேலேற வேண்டிய உயரம் கூடி, இன்னும் லீன். வெள்ளைப் புகை வால் அறுந்தது. கீச்சென்று ஒரு சத்தம், பிறகு சத்தமே இல்லை. விமானத்தை எப்படியோ சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டேன். இன்ஜின் சீஸ், பிஸ்டன் உள்ளேயே இறுகி நின்றுவிட்டது.

கணபதியில் எனக்குத் தெரிந்த லேத்துப் பட்டறைக்காரர் பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரிங்கே இல்லீங்களா இதுல?" என்று முதலில் அதிசயப்பட்டார். இந்த வகையில் ரிங் இல்லை. மேலே போகப் போகக் குறுகுகிற லைனரில் அலுமினிய பிஸ்டன் இறுக்கிப் பிடிப்பதுதான் கம்ப்ரஷன். பிறகு ஒரு பக்கத்துக் கோடுகளை நகத்தால் தடவிவிட்டுச் சொன்னார்: "இது எண்ணெய் பத்தாமத் தேஞ்சதில்லீங்க தம்பி. எண்ணெய் நிக்காமத் தேஞ்சது." இரண்டுக்கும் வித்தியாசம் அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்குப் பின் நான் மாறவில்லை: மொத்தம் 20 சதவீத எண்ணெய், அதில் கால் பங்காவது விளக்கெண்ணெய். சாதாரண ஓட்டத்தில் சிந்தெடிக் சுத்தமாக வைத்துக்கொள்ளும், நான் நீடிலில் தப்புச் செய்கிற அரை நிமிடத்தை விளக்கெண்ணெய் தாங்கும். இரும்பு பிஸ்டன், எஃகு லைனர் உள்ள பழைய இன்ஜின் என்றால் விவாதமே வேண்டாம், 22-லிருந்து 25 சதவீதம், முழுக்க விளக்கெண்ணெய். போர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு மட்டும் சிந்தெடிக் மிகுந்த கலவை நல்லது. அங்கே வால்வில் வார்னிஷ் ஏறினால் தலைவலி.

எந்த விளக்கெண்ணெய் என்பது அடுத்த சண்டை. கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு, விளைகிற சேலம் மாவட்டத்தில், ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமென்று வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கள் அமுச்சி கொட்டமுத்தை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, மேலே மிதக்கிற எண்ணெயைக் கரண்டியால் அள்ளிச் சட்டியில் சுண்டக் காய்ச்சுவார். வீடு முழுக்க அந்த வாசம் மூன்று நாள் நிற்கும். தலைக்கும் வயிற்றுக்கும் அதைவிடச் சிறந்தது இல்லை. இன்ஜினுக்கு மட்டும் ஆகாது. அதில் ஈரமும் பசையும் தங்கியிருக்கும், வறுத்ததில் அமிலமும் கூடியிருக்கும். செக்கெண்ணெயும் வடிகட்டாவிட்டால் அதே கதைதான். பசை நீக்கிச் சுத்திகரித்த, மருந்துத் தர எண்ணெய் வேண்டும். கடையில் வாங்கியதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க, அந்த டெஸ்ட் டியூப் போதும். கடலை எண்ணெயோ பாமாயிலோ கலந்திருந்தால் கலங்கும், அடியில் பிரியும்.

சக்திக்காக மெத்தனாலில் சேர்க்கிற நைட்ரோமீத்தேன் பற்றிய மோகம் கொஞ்சம் அதிகம்தான். கணக்கு இதுதான்: ஒரு கிலோ எரிபொருளில் பெட்ரோலுக்கு 44 மெகாஜூல், மெத்தனாலுக்கு 20, நைட்ரோவுக்கு 11. பார்த்தால் நைட்ரோ சோப்ளாங்கி. ஆனால் சிலிண்டருக்குள் நுழைகிற காற்றுக்குத்தான் அளவு உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4, நைட்ரோவுக்கு வெறும் 1.7. அதே ஒரு கிலோ காற்றை வைத்துப் பெட்ரோலும் மெத்தனாலும் ஏறக்குறைய 3 மெகாஜூல் தர, நைட்ரோ ஆறரை தருகிறது. சக்தி அங்கிருந்து வருகிறது. ஐடிலும் சீராக நிற்கும். பதிலுக்கு விலை ஏறும், எரிந்த மிச்சம் அமிலமாகி பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். விமானத்தைக் கம்பியில் பிடித்துச் சுற்ற விடுகிற உலகக் கண்ட்ரோல்லைன் வேகப் போட்டிகளிலேயே 80 பங்கு மெத்தனால், 20 பங்கு விளக்கெண்ணெய், நைட்ரோ சுழியம் என்றுதான் விதி. நம் வெயிலுக்கு 5 சதவீதம் போதும். அதுவும் இல்லாவிட்டாலும் பறக்கும்.

மெத்தனால் கிடைப்பதுதான் இங்கே பெரிய தடை. தமிழ்நாட்டில் அதை வாங்க, வைத்திருக்க, 1959-ம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு கெடுபிடி கூடியது, கூடத்தான் வேண்டும். சில வாய் குடித்தாலே கண் போய்விடும், பகல் வெளிச்சத்தில் அது எரிகிற சுடரும் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் கலக்கிற யோசனையை விட்டுவிட்டு, எண்ணெய் விவரம் எழுதிய தயார் கலவையை ரசீதோடு வாங்குங்கள். ஐப்பசி மழையில் டின்னைத் திறந்து வைக்காதீர்கள். காற்றிலிருந்தே தண்ணீரைக் குடித்துக்கொள்ளும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் 20 சிசிக்கு மேல் போய் பெட்ரோல் ஸ்பார்க் இன்ஜின் வாங்குகிறார்கள். பெரிய விமானத்துக்கு அதுதான் சரி. குடிக்கிற அளவு பாதிக்கும் கீழே. எண்ணெயும் லிட்டருக்கு 30-லிருந்து 40 மில்லி போதும், மெத்தனால் கலவையில் 200 மில்லி போகிற இடத்தில். நம் தம்பி கொண்டுவந்த டூடி ஆயிலுக்கு இதுதான் வீடு. பாக்கெட்டில் ஜாசோ எஃப்டி என்ற தரக்குறி இருந்தால் புகையும் குறைவு. பச்சை விளக்கெண்ணெயை இங்கே ஊற்றாதீர்கள், பெட்ரோலில் ஒழுங்காகக் கரையாது.

ஆனால் இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். அடியில் இருந்த 10 மில்லி, 25-ஐத் தாண்டி நின்றது. எத்தனாலில் பெரும்பகுதி தண்ணீரோடு ஓடிவிட்டது. டேங்கில் ஈரம் சேர்ந்தால் நடப்பதும் இதுதான். கார்புரேட்டரின் டயாப்ரம் விறைக்கிறது, ரப்பர் குழாய் ஊறுகிறது. பறந்து முடித்ததும் டேங்கை வடித்து, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் வராது.

டீசல் மாடல் இன்ஜின் பற்றி ஒரு வரி. கல்கத்தாவில் செய்த அரோரா டீசலைப் பார்த்தவர்களுக்கு அதன் மேல் தனிப் பாசம் உண்டு. எரிபொருள் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சம பங்காக. பிளக் இல்லை, கம்ப்ரஷனைக் கூட்டிக் குறைக்க மேலே ஒரு திருகு. ஈதர் 34.6 டிகிரியில் கொதிக்கும். ஈரோட்டில் சித்திரை மத்தியானம் மூடியைத் திறந்தால், மூடுவதற்குள் கலவை மாறியிருக்கும்.

தம்பியின் 46-க்கு வருகிறேன். கிராங்க் அசையவே இல்லை. பழைய விளக்கெண்ணெய் இறுகியிருந்தது. ஹீட் கன்னால் கை பொறுக்காத சூடு ஏற்றி, பிளக் துளையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் திருப்பினோம், வழுவழுவென்று சுற்றியது. உள்ளே ஒரு துளி துரு இல்லை. என் டின்னிலிருந்து டேங்கை நிரப்பினேன்: 20 எண்ணெய், 5 நைட்ரோ. நீடிலை நன்றாகத் திறந்து, புகை கொட்டக் கொட்ட இரண்டு டேங்க் தரையிலேயே ஓட்டினான். மூன்றாவதற்கு, கணீர் சத்தத்திலிருந்து இரண்டு கிளிக் ரிச்சாக வைத்து ஏற்றினோம். இறங்கியபோது இறக்கை முழுக்க எண்ணெய்.

"இதை எதுலீங்ண்ணா தொடைக்கறது?"

பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணி பாட்டிலை நீட்டினேன்.