அரைகுறை பத்மினியில் ஜிப்ஸி இன்ஜின்: வாங்கலாமா?

பெங்களூரில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் ஒரு ரகம் உண்டு. "இன்ஜின் மாத்தியாச்சு சார், சின்னச் சின்ன வேலைதான் பாக்கி." அந்தச் சின்ன வேலைக்காகத்தான் வண்டி நாலு வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். பிரீமியர் பத்மினியில் மாருதி ஜிப்ஸியின் ஜி13பிபி இன்ஜினை ஏற்றிப் பாதியில் விட்ட வண்டிகள் பற்றியது இந்த மதிப்புரை. இன்ஜின் நல்லதா என்பது சுலபமான கேள்வி. அது வண்டியோடு சேரும் இடங்களில்தான் பணம் கரையும்.

ஜிப்ஸி இன்ஜின் 1298 சிசி, 16 வால்வு, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல், கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சும் முறை), 80 குதிரைத்திறன். பத்மினியின் சொந்த 1089 சிசி இன்ஜின் தருவது 40-ஐ ஒட்டித்தான். ஜிப்ஸியில் இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும் என்பதால், பின்சக்கரம் இழுக்கும் பத்மினிக்குத் தோதானது. அதே குடும்பத்து எஸ்டீம் இன்ஜின் கண்ணில் பட்டால் அவசரப்பட வேண்டாம். அது முன்சக்கர வண்டியில் குறுக்காக உட்கார்ந்தது. பவுண்டேஷன் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் கட்டை) பிடிக்கும் இடங்களிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கும்.

சிவாஜிநகர் காயலான் கடைகளில் "ஓடுற வண்டியில இருந்து எறக்கினது அண்ணா" என்பார்கள். சொல்லட்டும், நீங்கள் சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் மீட்டரோடு போங்கள். கியர்பாக்ஸும் செல்ஃப் மோட்டாரும் மாட்டியே இருந்தால் ஒரு பேட்டரி போதும், தரையில் வைத்தே சுற்றிப் பார்க்கலாம். நாலு சிலிண்டரும் சதுர செ.மீ.க்கு 12 கிலோவுக்கு மேல் காட்ட வேண்டும், ஒன்றுக்கொன்று வித்தியாசம் 1 கிலோவைத் தாண்டக் கூடாது. டைமிங் பெல்ட்டை எந்த நிலையில் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். வாட்டர் பம்பைக் கழற்ற அந்த பெல்ட்டை எப்படியும் எடுக்க வேண்டும் என்பதால் அதையும் கையோடு முடிப்பது லாபம்.

இனி, வண்டி ஏன் பாதியில் நின்றது என்று பார்ப்போம். ஃபியட் கியர்பாக்ஸை வைத்துக்கொண்டே ஜிப்ஸி இன்ஜினை மாட்ட நடுவில் ஒரு அடாப்டர் தகடு போட்டிருந்தால், அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கிராங்க் (இன்ஜினின் சுழல் தண்டு) மையமும், அந்தச் சுழற்சியை வாங்கும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் மையமும் 0.1 மி.மீ. அளவுக்கு நேராக நிற்க வேண்டும். கண்பார்வையில் துளை போட்டு போல்ட்டால் இறுக்கிய தகட்டில் இது அமையாது. டயல் கேஜ் (நூலிழை விலகலையும் முள்ளில் காட்டும் அளவுகோல்) வைத்துப் பார்த்து, இடம் நகராமல் பிடிக்கும் டவல் பின் அடித்திருக்க வேண்டும். கோணினால் கிளட்ச் உதறும், கிளட்ச் தட்டின் நடுவில் உள்ள ஸ்பிளைன் பற்கள் கிழியும், இன்புட் பேரிங் கத்தும். தகட்டின் தடிமன் இன்னொரு வம்பு. 15 மி.மீ. கூடினால் இன்புட் ஷாஃப்டின் நுனி அதைத் தாங்குவதற்காகக் கிராங்கில் உள்ள பைலட் பேரிங்கை எட்டாமல் போகலாம். செல்ஃப் மோட்டாரின் பினியனும் (சின்னப் பல்சக்கரம்) இன்ஜினைச் சுற்றிவிடும் ரிங் கியரில் நுனியை மட்டும் கடித்துப் பல்லைத் தின்னும். பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் நல்ல லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோணலாகச் செய்ததைத் திருத்துவதைவிடப் புதிதாகச் செய்வதையே அவர்களும் விரும்புவார்கள்.

ஜிப்ஸியின் ஐந்து கியர் பாக்ஸையும் சேர்த்தே ஏற்றியிருந்தால் இந்தத் தலைவலி இல்லை. அதில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) தனியாகப் பின்னால் தொங்குவது என்பதால் அதைக் கழற்றிவிட்டு, பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயின்ட் ராடை நேராக மாட்டலாம். பத்மினியின் பின் அச்சில் உள்ள 4.3 கிரவுனோடு (ராடு 4.3 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று), 60 செ.மீ. உயர டயரில், நாலாம் கியரில் 80 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 3,000 சுற்று வரும். ஐந்தாவதில் இன்னும் இறங்கும். ஓசூர் ரோட்டுக்கு அது போதும். ஆனால் ஸ்பீடோமீட்டர் கேபிள் கிளம்புவதே டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்துதான். அதைக் கழற்றியதும் முள் செத்துவிடும். சென்சார் வைத்த மீட்டரோ ஜிபிஎஸ் மீட்டரோ வேண்டும். ஸ்டியரிங் பக்கத்து கியர் கம்பிக்கும் வேலை இல்லை, தரையை வெட்டி லிவர் வரும். கிளட்ச்சும் கேபிள், பெடலில் வெல்டிங் செய்த கொண்டி போதிய தூரம் இழுக்காவிட்டால் ரிவர்ஸ் போடும்போது கரகரக்கும்.

ஜாயின்ட் ராடில் இரண்டு முனைகளிலும் உள்ள கவைகளும் (ஜாயின்டைப் பிடிக்கும் கவட்டைகள்) ஒரே தளத்தில் இருக்க வேண்டும். வெட்டி ஒட்டியவர் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் எத்தனை முறை பேலன்ஸ் பிடித்தாலும் அதிர்வு போகாது.

பெட்ரோல் லைனைத் தவறாமல் பாருங்கள். கார்புரேட்டருக்கு 0.3 பார் அழுத்தத்துக்குள் போதும். எம்பிஎஃப்ஐ பம்ப் தள்ளுவதோ 3 பாரை ஒட்டி. பழைய ரப்பர் குழாயும் சாதா கிளிப்பும் அதைத் தாங்காது, சூடான சைலன்சர் பக்கத்தில் பீய்ச்சும். டேங்குக்குத் திரும்பும் லைன் இருக்கிறதா என்றும் பாருங்கள். இசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்), அதன் முழு வயரிங், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) உள்ள வண்டியிலிருந்து எடுத்ததென்றால் அதன் சாவி எல்லாம் கைக்கு வர வேண்டும். சாவி இல்லாத இசியு வெறும் அலுமினியப் பெட்டி. இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே தடித்த எர்த் பட்டை இருக்கிறதா பாருங்கள். ரப்பர் பவுண்டேஷனில் இன்ஜின் தனித்து நிற்பதால், பட்டை இல்லாவிட்டால் செல்ஃப் அடிக்கும் கரண்ட் கிளட்ச் கேபிள் வழியே பாய்ந்து அதைச் சுட்டுவிடும். கேபிள் உறை உருகியிருந்தால் காரணம் இதுதான்.

நாலு சக்கரமும் டிரம் பிரேக் உள்ள வண்டியில் இரு மடங்கு சக்தி. முன்னால் டிஸ்க் போடாமல் ஓட்டச் சொன்னால் எங்கள் பதில் ஒரே சொல்: கூடாது.

எதையும் மாட்டாமல், பெட்டி நிறையச் சாமான் மட்டும் இருக்கும் பத்மினிக்கு எங்கள் சிபாரிசு ஜிப்ஸி அல்ல, பிரீமியரின் இன்னொரு காரான 118என்இ-யின் நிஸான் ஏ12 இன்ஜின். 1171 சிசி, 52 குதிரைத்திறன், கார்புரேட்டர். இசியு கிடையாது, பழைய பெட்ரோல் லைன் நன்றாக இருந்தால் போதும். சத்தமும் அடக்கம். சுறுசுறுப்பு குறைவுதான், ஆனால் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரும்.

எதை ஏற்றினாலும் ஆர்டிஓ ஒப்புதல் வாங்கி ஆர்சியில் புது இன்ஜின் எண்ணை ஏற்ற வேண்டும். அதற்கு, இறக்கிய வண்டியின் காகிதத்தைக் கடைக்காரர் தர வேண்டும். ஃபியட் 1100 டிலைட் போன்ற மூத்த வண்டி என்றால் கத்தியைக் கீழே வையுங்கள். 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, சேசி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்குத்தான் 'விஏ' எழுத்துள்ள வின்டேஜ் எண். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஜிப்ஸி இன்ஜின் ஏறிய வண்டிக்கு அது கிடைக்காது. பழைய 1089-ஐ விற்பவர் இன்னும் எடைக்குப் போடாமல் வைத்திருந்தால், பேரத்தில் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.