இன்சோலோடு இரண்டு வருடம்: குதிகால் சரியானது, கழுத்து சரியாகவில்லை

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடிதான் எனக்குப் பிரச்சினை. குதிகாலில் ஆணி குத்தினாற்போல் வலிக்கும். பத்தடி நடந்தால் குறைந்துவிடும். அதனாலேயே பல மாதம் கண்டுகொள்ளாமல் விட்டேன். குதிகால் எலும்பிலிருந்து விரல்வரை ஓடும் தடித்த நார்ப்பட்டை, பிளான்டர் ஃபேசியா, ராத்திரி முழுக்க ஓய்ந்து கிடந்துவிட்டுத் திடீரென எடை தாங்கும்போது இழுபடுகிறது என்றார் பிசியோதெரபிஸ்ட். என் பழைய ஷூவை மேசைமேல் வைத்துக் காட்டினார். இரண்டும் உள்பக்கம் தேய்ந்து, ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து நின்றன.

நான் வாங்கியது ரெடிமேட் இன்சோல், அதாவது ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் போடும் தகடு; பாதத்தின் உள்வளைவைத் தாங்குகிற அரைக்கடின ரகம். முதல் வாரம் ஷூவுக்குள் கூழாங்கல் கிடப்பதுபோல் இருந்தது. தினம் ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போனேன். ஷூவில் ஏற்கெனவே இருக்கும் உள்தகட்டை எடுத்துவிட்டுத்தான் இதைப் போட வேண்டும். நான் அதன்மேலேயே போட்டு, நடக்க நடக்கக் குதிகால் வெளியே வந்த கூத்து தனி. இரண்டு மாதத்தில் வலி பாதியானது. படியிறங்கும்போது முழங்காலின் உள்பக்கம் வலிப்பதும் குறைந்தது. பாதம் உள்ளே சரிந்தால் முழங்காலும் கூடவே திரும்பும் அல்லவா?

ஆனால் முழுப் பெயரையும் இன்சோலுக்குக் கொடுக்க மாட்டேன். சுருட்டிய துண்டை விரல்களுக்கடியில் வைத்து, படி விளிம்பில் நின்று, குதிகாலை மெதுவாகத் தூக்கி இறக்கும் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தேன். நடுவில் மூன்று வாரம் சோம்பேறித்தனம். ஷூவுக்குள் இன்சோல் இருக்கும்போதே வலி எட்டிப் பார்த்தது.

பாதம் நேரானால் கழுத்துவரை நேராகும் என்பதெல்லாம் விளம்பரம். என் கழுத்து வலி இம்மியும் அசையவில்லை. லேப்டாப்பைப் புத்தக அடுக்கின்மேல் ஏற்றிக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடங்கியது. ஒற்றைக் காலில் எடையைச் சாய்த்து நிற்கும் பழக்கமும் போகவில்லை. பல் தேய்க்கும்போது தினம் மாட்டிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும்: சர்க்கரை நோயால் பாதம் மரத்திருப்பவர்கள் இதைத் தாங்களாக வாங்கிப் போட வேண்டாம். உரசிப் புண்ணானாலும் தெரியாது. மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

பெரிய குறை, நுரை அமுங்குவது. பார்க்கப் புதிதாகவே இருக்கும், தாங்காது. எனக்குப் பத்து மாதத்துக்கு ஒரு ஜோடி ஆகிறது. மூன்றாவது ஜோடிக்கு இப்போது நான்காம் மாதம். குதிகால் பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், இன்னும் எழும்புகிறது.