பேப்பரா, குப்பியா? கம்பஸ் முதலாம் வருட இரசாயனவியலை எப்படிப் படிப்பது

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தடியில், பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட நாங்கள் நாலு பேர் இருந்த அறையில் ஒரு வழக்கம். சோதனைக்கு மூன்று கிழமை இருக்க, உடுப்புக் காயப்போடும் கொடியில் பழைய வினாத்தாள்களை ஆண்டு வாரியாகக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவோம். செய்து முடித்ததைக் கழற்றி மேசைக்குக் கீழே போடுவது. கொடி வெறுமையானால் படிப்பு முடிந்தது. பல்கலைக்கழகம் புக எழுதும் உயர்தரச் சோதனையில் எங்களைக் கம்பஸுக்குள் தள்ளிவிட்டதே இந்த முறைதான். ஐம்பது பல்தேர்வு வினாவை இரண்டு மணித்தியாலத்தில் முடிக்க வேண்டியவனுக்கு வேறு வழி என்ன? முதலாம் வருட இரசாயனவியலில் எனக்கு வந்தது 'சி'. அந்த நேரம் கொடியில் ஒரு தாள்கூட மிச்சமில்லை.

இப்போது எனக்குப் பிறகு வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி: "அண்ணை, பேப்பர் செய்யிறதோ, குப்பிக்கு வாறதோ, எது திறம்?" தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு வரி: இலங்கைப் பல்கலைக்கழகங்களில் 'குப்பி' என்றால், சோதனைக்கு முன் ஒரு மாணவர் மற்ற மாணவர்களைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பது. குப்பி விளக்கிலிருந்து வந்த பேர் என்பார்கள். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடாக இருந்தபோது ஜாம் போத்தல் விளக்கில் படித்த ஊருக்கு இந்தப் பேர் நன்றாகவே பொருந்துகிறது.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு, நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. அதை முதலிலேயே தள்ளி வைத்துவிடலாம். 2006 இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு உரைப்பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் இரண்டு முறை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை வாசித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு 81 வீதம், எழுதியவர்களுக்கு 75 வீதம் நினைவிருந்தது. ஒரு கிழமை கழித்து அது 42 ஆகவும் 56 ஆகவும் தலைகீழானது. அவர்கள் கொடுத்தது இரசாயனவியல் இல்லைத்தான். ஆனாலும் மஞ்சள் ஹைலைட்டரோடு நோட்ஸ் வாசிப்பவர் சோதனைக்கு முதல் நாள் இரவு ஏன் அவ்வளவு நம்பிக்கையோடு நித்திரைக்குப் போகிறார் என்பது இதிலிருந்து விளங்கும்.

அந்தக் கணக்கில் பேப்பர் செய்வதுதான் வெல்ல வேண்டும். நினைவிலிருந்து எடுத்து எழுதுவதுதானே பேப்பர்? உண்மைதான், எடுத்து எழுதுகிறோம். ஆனால் எதை எடுக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

1987 இல் நுரென்பெர்ன், பிக்கரிங் என்ற இரு அமெரிக்க இரசாயனவியல் ஆசிரியர்கள் ஒரே விடயத்தை இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். ஒன்று வழக்கமான வாயுவிதிக் கணக்கு. மற்றது படம். உருக்குத் தாங்கி ஒன்றில் 20 பாகை செல்சியஸில், 3 வளிமண்டல அமுக்கத்தில் ஐதரசன் வாயு இருக்கிறது. மூலக்கூறுகள் புள்ளிகளாகத் தாங்கி முழுக்கப் பரவியிருக்கின்றன. வெப்பநிலையை மறை 20 (−20) பாகைக்குக் கொண்டுவந்தால் புள்ளிகள் எப்படி இருக்கும்? கணக்கைச் சரியாகச் செய்தவர்களில் கனபேர் படத்தில் பிழைவிட்டார்கள்.

இதை நான் போன வருடம் ஒரு தம்பியிடம் கொடுத்துப் பார்த்தேன். உயர்தரத்தில் இரசாயனவியலுக்கு 'ஏ' எடுத்தவர். முதலில் கணக்கு: கன அளவு மாறாதபோது புதிய அமுக்கம் என்ன? பேனையை எடுத்தார், வெப்பநிலைகளைக் கெல்வினுக்கு மாற்றி, 3 ஐ 253 ஆல் பெருக்கி 293 ஆல் பிரித்தார், 2.59. அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு ஒரு வட்டம் கீறிக் கொடுத்து, புள்ளிகளைப் போடச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வட்டத்தின் அடியில் எறும்புக் கூட்டம் மாதிரி எல்லாவற்றையும் குவித்து வைத்தார்.

"ஏன் தம்பி கீழ போட்டனீர்?"

"உறையிற குளிரெல்லோ அண்ணை, கீழ இறங்காதோ?"

உறைவது தண்ணீர். ஐதரசன் மறை 253 பாகைக்குக் கிட்டப் போகும்வரை வாயுதான். முன்பு போலவே தாங்கி முழுக்கப் பரவி நிற்கும், கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். இது அவருக்குத் தெரியாததும் இல்லை. கீழே இறங்கித் திரவமானால் அந்த 2.59 எங்கேயிருந்து வந்தது என்று நான் கேட்டதும், தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். சமன்பாடு ஒரு அறையிலும் மூலக்கூறு இன்னொரு அறையிலும் இருந்திருக்கின்றன, நடுவில் கதவு இல்லை.

கிளாஸ்கோவில் இருந்த இரசாயனக் கல்வி ஆய்வாளர் அலெக்ஸ் ஜோன்ஸ்ரன் 1991 இல் இதைத்தான் ஒரு முக்கோணமாக வரைந்து காட்டினார். ஒரு மூலையில் கண்ணால் காண்பது, அடுத்ததில் கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள், மூன்றாவதில் குறியீடுகளும் சமன்பாடுகளும். ஆசிரியர் மூன்றுக்குமிடையில் தாவித் தாவிப் பேசுவார், புதிதாகக் கேட்பவரின் மூளையில் அவ்வளவையும் ஒரே நேரத்தில் வைக்க இடமில்லை, அதனால் அவர் மார்க்ஸ் தரும் மூலையில் குடியேறிவிடுவார். இந்தக் கடைசி வார்த்தை ஜோன்ஸ்ரனுடையது அல்ல, என்னுடையது. பேப்பர் முறை நம்மைக் குடியேற்றுவது அந்தக் குறியீட்டு மூலையில்தான்.

எங்களுக்கு மேலதிகமாக ஒரு மொழிச் சுமையும் உண்டு. உயர்தரம் வரை 'சமநிலை', கம்பஸ் வாசலைத் தாண்டியதும் 'ஈக்குவிலிபிரியம்'. ஆங்கிலம் கஷ்டம் என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் தமிழ்ச் சொல்லும் சும்மா இருக்கவில்லை. சமநிலை என்றதும் தராசுத் தட்டு ஆடாமல் நிற்பதுதானே மனதில் வருகிறது? இரசாயனத் தாக்கம் நின்றுவிட்டது என்றே கனபேர் பதிந்து வைத்திருக்கிறார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வீதத்தில் தாக்கம் நடந்துகொண்டேயிருக்கிறது என்பதை 'இயக்கச் சமநிலை' என்று பாடமாக்கி எழுதுவார்கள். இரண்டு வரி தள்ளி, நின்றுவிட்ட மாதிரியே விடை எழுதுவார்கள். ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் இதே பிழையை ஆய்வுகள் கண்டிருக்கின்றன என்பதால், முழுப் பழியையும் தமிழில் போட முடியாது.

அப்போ குப்பியா? இங்கேதான் நான் என் கூட்டாளிகளோடு முரண்படுகிறேன். குப்பி நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். யாருக்கு நல்லது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் போன குப்பிகள் எப்படியிருந்தன? ஒரு அண்ணை அல்லது அக்கா கரும்பலகைக்கு முன்னால், எதிரே முப்பது நாற்பது பேர் குந்தியிருந்து எழுதுகிறார்கள். பேராசிரியர் ஆங்கிலத்தில் சொன்னதை அந்த அண்ணை தமிழில், பகிடியோடு, வேகமாகச் சொல்கிறார். அது விரிவுரைதான், ஆள் மட்டும் மாறியிருக்கிறது. அன்றைக்கு அந்த அறையில் உண்மையாகப் படித்தவர் ஒரே ஒருவர், சோக்கைப் பிடித்தவர். முதல் நாள் இரவிரவாக இருந்து, எங்கே மடக்கிக் கேட்பார்களோ என்று பயந்து பயந்து ஆயத்தம் செய்தவர் அவர்தானே. எனக்கு அமிலம், மூலம் விளங்கினது இரண்டாம் வருடத்தில் நான் குப்பி எடுத்தபோதுதான். என்னிடம் கேட்டவர்களுக்கு விளங்கினதா என்பது வேறு கதை.

1990களில் நியூயோர்க் சிற்றி கல்லூரியில் இரசாயனவியல் ஆசிரியர்கள் தொடங்கிய சகமாணவர் தலைமைக் குழுமுறை, பார்ப்பதற்கு எங்கள் குப்பியின் ஒன்றுவிட்ட சகோதரம். அண்மையில் அதே பாடத்தை நன்றாகச் செய்து முடித்த மாணவர் ஒருவர் தலைவர். எதிரே ஆறு தொடக்கம் எட்டுப் பேர் மட்டும், கிழமைக்கு ஒரு முறை. முக்கிய வித்தியாசம், தலைவர் பாடம் எடுப்பதில்லை. கேள்வியைப் போட்டுவிட்டு, ஆளையாள் பேச வைப்பார். அதே காலத்தில் பென்சில்வேனியாவில் பிராங்ளின் அன்ட் மார்ஷல் கல்லூரியில் வளர்ந்த போகில் என்ற முறையில் இன்னும் ஒரு படி மேலே போய், மூன்று நாலு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள்: ஒருவர் குழுவை நடத்துபவர், ஒருவர் குறிப்பெடுப்பவர், ஒருவர் வகுப்புக்குச் சொல்பவர். சும்மா இருக்க ஒருவருக்கும் இடமில்லை.

மாணவர் வாய் திறக்கும் வகுப்புக்குப் பலனுண்டா என்று 225 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது 2014 இல் வெளியான ஒரு கட்டுரை. இரசாயனவியலும் அதில் சேர்த்தி. விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 வீதமானோர் சித்தியடையவில்லை. மாணவர் பங்குகொள்ளும் வகுப்புகளில் அது 21.8 வீதம். ஆனால் ஹார்வர்டில் பௌதிகவியல் மாணவர்களிடம் செய்து 2019 இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, பங்குகொண்டு படித்தவர்கள் கூடப் படித்திருந்தும் குறையப் படித்ததாகவே உணர்ந்தார்கள் என்கிறது. நல்ல பேச்சாளர் எடுக்கும் குப்பி ஏன் நிரம்பி வழிகிறது, நாலு பேர் தட்டுத்தடுமாறும் குப்பிக்கு ஏன் இரண்டாம் நாள் ஒருவரும் வருவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

ஆய்வுகூடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அங்கேயும் இதே போட்டிதான். தாளில் உள்ளபடி படி ஒன்று, படி இரண்டு என்று செய்வது சமையல் குறிப்புப் பார்த்துக் கறி வைப்பது மாதிரி, உப்பு ஏன் என்று கேட்கத் தேவையில்லை. தண்ணீரின் வன்மையை (கடினத்தன்மையை) துளித்துளியாகச் சொட்டவிட்டு அளக்கும் நியமிப்பை எடுங்கள். எரியோகுரோம் பிளாக் ரீ என்ற நிறங்காட்டியைப் போட்டதும் திராட்சைச் சிவப்பாகும், கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடீரீஏ கரைசல் சொட்டச் சொட்ட ஒரு துளியில் நீலமாகும், வாசிப்பை எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஒரு முறை தங்கச்சி ஒருத்தியிடம், உங்கட வீட்டுக் கிணற்றுத் தண்ணி கொண்டுவாரும் என்றேன். இரண்டு போத்தல் கொண்டுவந்தாள், ஒன்று அள்ளினது, மற்றது கொதிக்க வைத்து ஆறவைத்துத் தெளியவிட்டது. 50 மில்லிலீற்றருக்கு முதலாவது லீற்றருக்கு 0.01 மூல் செறிவுள்ள ஈடீரீஏயில் 15 மில்லிலீற்றர் குடித்தது, லீற்றருக்கு 300 மில்லிகிராம் கல்சியம் காபனேற்று என்று வரும். இரண்டாவது அதைவிட நல்லாய்க் குறைய.

"குறைஞ்சது எங்க போட்டுது?" என்றேன்.

யோசித்தாள். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல் என்று ஐந்தாம் வகுப்பிலிருந்து படித்தவள். கொஞ்ச நேரத்தில், "அண்ணா, எங்கட கேத்தில் அடியில வெள்ளையாப் பிடிச்சிருக்கிறதோ?" என்றாள். இருகாபனேற்று சூட்டில் உடைந்து காபனேற்றாகப் படியும் சமன்பாட்டை அவளே எழுதினாள், நான் சோக்கைத் தொடவில்லை.

ஆகவே சோதனைக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது என்று வருபவர்களுக்கு நான் சொல்வது இது. பேப்பர் செய், ஆனால் கொஞ்சத் தாள்கள் போதும், ஒவ்வொரு கணக்குக்கும் பின்பக்கத்தில் துணிக்கைப் படம் கீறு. குப்பிக்குப் போ, ஆனால் நாலு பேருக்கு மேல் சேர்க்காதே, முறை வைத்து எல்லாரும் சோக்கைப் பிடியுங்கள். பெரிய குப்பிக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்தால், அடுத்த நாள் அறைத் தோழனைப் பிடித்து இருத்தி அவனுக்கு எடு. அவன் கொட்டாவி விட்டாலும் பரவாயில்லை.

அந்தத் தம்பி போன கிழமை வந்தார். கொடியில் இந்தமுறை ஆறே ஆறு தாள்தானாம். பின்பக்கமெல்லாம் வட்டங்கள், வட்டத்துக்குள் புள்ளிகள். ஒன்றில் மட்டும் பழையபடி அடியில் குவிந்திருந்தது. "இது தண்ணியண்ணை, இது உறையும்" என்றார்.