பத்திரிகையோடு வந்த கருப்பு டிஸ்க்குகள்: எந்த டெமோ இன்னும் தாங்குகிறது?

முழு விளையாட்டு கடைசிவரை கைக்கு வராதவனுக்கும் அந்த டெமோ, அதாவது ருசி பார்க்கக் கொடுக்கும் அதன் ஒரு துண்டு, போதுமா? பத்திரிகை அட்டையோடு வந்த, சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டு மெஷினுக்கான டிஸ்க்குகளை நான் எடைபோடுவது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். எங்கள் வீட்டு நிலைமை அப்படி. சித்தி அப்போது இங்கிலாந்தில் நர்ஸ். கூட வேலை பார்த்த ஓர் அம்மாவின் மகன் படித்து முடித்துப் போட்ட 'அஃபிஷியல் யூகே பிளேஸ்டேஷன் மேகசின்' இதழ்களை டிஸ்க்கோடு சேர்த்து, லீவுக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவாள். 1999-ல் வந்த இதழ் தக்கலைக்கு வந்து சேர 2001 ஆகிவிடும். அதில் இருக்கும் முழு விளையாட்டை வாங்கித் தர ஆளும் இல்லை, விற்கக் கடையும் பக்கத்தில் இல்லை. லண்டன் பையனுக்கு அது ஒரு மாதத்து விளம்பரம். எனக்கும் தம்பிக்கும் குளச்சலில் இருந்து வரும் அத்தை மகனுக்கும் ஒரு வருஷத்துச் சாப்பாடு.

இப்போது நான் டிவி, மொபைல் சர்வீஸ் பார்க்கிறேன். கடை அலமாரியில் 21 இன்ச் டியூப் டிவி ஒன்றை யாருக்கும் விற்காமல் வைத்திருப்பதே இந்த மெஷினுக்காகத்தான். இந்த மழைக்காலத்தில் டிஸ்க்குகளை எல்லாம் எடுத்து, துடைத்து, மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். ஏக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, இன்றைக்குப் புதிதாக ஒருவன் உட்கார்ந்தால் எது நிற்கும் என்று பார்ப்பதுதான் நோக்கம்.

முதலில் மெஷின் விஷயம். இங்கிலாந்து டிஸ்க் நம்மூரில் சிரமமில்லாமல் ஓடியதற்குக் காரணம் உண்டு. டிவி சிக்னல் அங்கேயும் பால் (PAL) சிஸ்டம், இங்கேயும் பால் சிஸ்டம். அமெரிக்காவிலிருந்து மெஷின் கொண்டுவந்தவர்கள் வீட்டில் அந்நாட்டு முறையான என்டிஎஸ்சி சிக்னலில் படம் கறுப்பு வெள்ளையாக வரும், இல்லையென்றால் உருளும். மின்சாரமும் ஒத்துப்போனது. பிளக் மட்டும்தான் சேராது. அதற்கு டேப் ரெக்கார்டர் வயரை உருவிச் சொருகினோம், இரண்டிலும் ஒரே எட்டு வடிவ முனைதான். பால் சிஸ்டத்தில் ஒரு குறையும் உண்டு. விநாடிக்கு 60 முறைக்குப் பதில் 50 முறைதான் படம் புதுப்பிக்கப்படும். ஜப்பான் விளையாட்டுகள் பலவற்றைச் சரியாக மாற்றியமைக்காமல் விட்டதால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வந்தன. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. இன்றைக்குப் பார்த்தால் உறுத்துகிறது.

டிஸ்க்கின் அடிப்பக்கம் கருப்பு. அந்தக் கருப்புதான் கள்ள நகலைத் தடுக்கும் பாதுகாப்பு என்று ஊரெல்லாம் சொல்வார்கள், அது சரியில்லை. லேசர் அகச்சிவப்பு ஒளி, கருப்பு பிளாஸ்டிக் வழியாகத் தாராளமாகப் போய்விடும். டிஸ்க்கின் உள்வட்டத்தில் தடத்தை லேசாக நெளித்து எழுதியிருக்கும் நான்கெழுத்துக் குறியைத்தான் மெஷின் படிக்கிறது. கள்ள டிஸ்க்குக்காகப் பொருத்திய சிப்பு செய்ததும் அந்தக் குறியைப் பொய்யாக அனுப்புவதுதான். பத்திரிகை டிஸ்க் ஒரிஜினல் என்பதால் எங்கள் மெஷினை யாரும் திறக்க வேண்டி வரவில்லை.

மெஷின் பெட்டியோடு வந்த டெமோ ஒன் டிஸ்க்கிலிருந்து ஆரம்பித்தேன். கறுப்புப் பின்னணியில் ஒரு டைனோசர் நடக்கிறது. சுற்றிப் பார்க்கலாம், கர்ஜிக்க வைக்கலாம். அவ்வளவே. விளையாட்டென்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் வீட்டுக்கு வந்த பெரியவர்கள் எல்லாரும் நின்று பார்த்தது இதைத்தான். இன்றைக்கும் அந்தக் கழுத்து அசைவு கண்ணை இழுக்கிறது.

இனி முக்கியமானது. மெட்டல் கியர் சாலிட். கொனாமிக்காக ஹிடியோ கோஜிமா உருவாக்கி 1998-ல் ஜப்பானிலும் 1999 தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் வந்த, காவலாளிகள் கண்ணில் படாமல் எதிரியின் தளத்துக்குள் நுழையும் விளையாட்டு. டெமோவில் கிடைப்பது இரண்டே இடங்கள். தண்ணீரிலிருந்து ஏறி வரும் துறை, லிப்டில் மேலே போனால் பனி கொட்டும் ஹெலிபோர்ட், அதாவது ஹெலிகாப்டர் இறங்கும் தளம். கட்டடத்துக்குள் நுழையும் வழியைக் கண்டுபிடித்தால் டெமோ முடிந்தது. தெரிந்தவன் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிப்பான். நாங்கள் அதை முடிக்க அவசரப்பட்டதே இல்லை.

காரணம், அந்த இரண்டு இடத்துக்குள் விளையாட்டின் சட்டம் முழுவதும் இருக்கிறது. மூலையில் இருக்கும் ரேடாரில் ஒவ்வொரு காவலாளியின் பார்வையும் ஒரு விசிறிபோலத் தெரியும். அதற்குள் கால் வைக்காமல் போக வேண்டும். சுவரில் முதுகை ஒட்டி நின்று வட்டப் பட்டனைத் தட்டினால் சத்தம் கேட்டு ஆள் வருவான், அவன் வரும் வழியே நாம் நழுவலாம். துறையில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் ஓடினால் சளப்பென்று கேட்டுவிடும். மேலே பனியில் நடந்தால் தடம் விழும். காவலாளி குனிந்து பார்த்து, தடத்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் வருவான். பனியைக் கண்ணால் பார்த்திராத எங்களுக்கு இது புரிய ஒரு நொடி ஆகவில்லை, முட்டம் கடற்கரையில் ஈர மணலில் தடம் பார்த்து ஆளைப் பிடித்து விளையாடியவர்கள்தானே. அத்தை மகன் முதல் தடவை கத்தியது இன்னும் நினைவிருக்கிறது: "லேய், அவன் நம்மளுக்க காலடியப் பாத்துட்டு வாறாம்லே!"

இப்போது ஓட்டும்போது வேறொன்றைக் கவனித்தேன். ஹெலிபோர்ட்டில் உள்ளே போக காற்றுக் குழாய் கீழேயும் ஒன்று இருக்கிறது, மாடிப் பக்கமும் ஒன்று இருக்கிறது. நிற்கும் லாரிக்குள் ஒரு கைத்துப்பாக்கி. எடுக்காமலும் போகலாம். எடுக்கப் போனால் தேடுவிளக்கின் வட்டத்தைத் தாண்ட வேண்டும். எந்த வழியில் போகச் சொல்லியும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. சேமித்து வைக்கும் வசதி தேவைப்படாத அளவுக்குச் சின்ன இடம், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி போகிற அளவுக்குப் பெரிய இடம். தம்பி யார் கண்ணிலும் படாமல் போக வேண்டும் என்பான், அத்தை மகன் எல்லாரையும் கழுத்தை நெரித்துவிட்டுத்தான் போவான். இரண்டும் அதற்குள் நடந்தது. என் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கும் டெமோ இது. பின்னாட்களில் முழு விளையாட்டையும் ஆடினேன். அதில் பேச்சு அதிகம். டெமோவின் இறுக்கம் எனக்கு அதைவிடப் பிடிக்கும்.

டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர், 1999, நெவர்சாஃப்ட் செய்த ஸ்கேட்போர்டு (சக்கரம் வைத்த பலகை) விளையாட்டு. டெமோவில் வேர்ஹவுஸ் என்ற களம் ஒன்றுதான், இரண்டு நிமிடம்தான். சரிவில் இறங்கிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு கிடங்குக்குள் விழுகிற அந்தத் தொடக்கம் இப்போதும் கையைச் சூடாக்குகிறது. தக்கலையில் அப்போது ஸ்கேட்போர்டைக் கண்ணால் பார்த்தவர் யார்? தேவையே படவில்லை. குதித்து, சுழன்று, கம்பியில் வழுக்கி, அதைத் தரையில் சரியாக இறக்கினால் புள்ளி, விழுந்தால் பூஜ்யம். நேரக் கட்டுப்பாடு பல டெமோக்களைக் கெடுத்திருக்கிறது. இங்கே முழு விளையாட்டிலும் ஓர் ஓட்டம் இரண்டு நிமிடம்தான் என்பதால் எதையும் வெட்டியதாகத் தோன்றவில்லை. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் புள்ளி எழுதிவைத்துச் சண்டை போட்டிருக்கிறோம். மெட்டல் கியருக்கு அடுத்த இடம் இதற்கு.

ஐஎஸ்எஸ் ப்ரோ கால்பந்து டெமோவைப் பற்றி இரண்டு வார்த்தை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் கால்பந்து என்றால் உயிர். அங்கிருந்து வந்த அப்பாவின் நண்பர் மகன் கன்ட்ரோலரைத் தொட்டதும் பாஸ் போடத் தொடங்கிவிட்டான், நாங்கள் எல்லாரும் பந்தைப் பிடித்துக்கொண்டு நேராக ஓடிக்கொண்டிருந்தோம். பந்து காலில் ஒட்டிக்கொள்ளாமல் தனியாக உருளுவது இதன் பலம். வீரர்களின் பெயருக்கு உரிமம் இல்லாததால் எழுத்தை மாற்றிப் போட்டிருப்பார்கள், அது யாரையும் தடுக்கவில்லை. இன்றைக்கு ஓட்டினால் மேட்ச் சட்டென்று முடிந்துவிடுகிறது. பக்கத்தில் ஒருவன் இரண்டாவது கன்ட்ரோலரோடு உட்கார்ந்தால் மட்டும் போடுங்கள்.

பராப்பா தி ராப்பர் டெமோவில் வெங்காயத் தலை குரு ஒருவர் கராத்தே சொல்லித் தருகிறார். அவர் பாடுவதைத் தாளம் தப்பாமல் பட்டனில் திருப்பிச் சொல்ல வேண்டும். வரைந்து வெட்டி ஒட்டிய காகிதம் மாதிரி எல்லாரும் தட்டையாக இருப்பார்கள், அந்த அழகு கொஞ்சமும் பழசாகவில்லை. ஆனால் இதை எல்இடி டிவியில் ஆடாதீர்கள். புது டிவிகள் பழைய சிக்னலை வாங்கி மாற்றிக் காட்டுவதற்குள் கொஞ்சம் தாமதமாகும். படம் பார்க்க அது தெரியாது, தாளத்துக்கு அது விஷம். வாடிக்கையாளர் ஒருவர் இதே குறையைச் சொல்லி கன்ட்ரோலரை மாற்றிக்கொண்டே இருந்தார். டியூப் டிவியில் சொருகிக் கொடுத்ததும் முதல் பாட்டிலேயே தேறிவிட்டார்.

இந்த முறைதான் முதன்முதலாக ஆடிய டெமோ ஒன்றும் உண்டு. ஏப் எஸ்கேப். கட்டைவிரலால் தள்ளும் இரண்டு ஸ்டிக் இருக்கும் டூயல்ஷாக் கன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும் என்று வந்த முதல் விளையாட்டு அது. எங்களிடம் இருந்ததோ ஸ்டிக்கே இல்லாத பழைய கன்ட்ரோலர். பட்டியலில் பெயரைப் பார்த்துப் பார்த்து ஏங்கியதுதான் மிச்சம். இப்போது ஆடினால், இடது ஸ்டிக்கில் நடந்து, வலது ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் வலையை வீசிக் குரங்கைப் பிடிக்க வேண்டும். கை பழகக் கொஞ்ச நேரம் ஆகிறது, பழகிவிட்டால் விட மனசு வரவில்லை. என் அக்காள் மகள் பத்து வயசுக்காரி. அவளுக்கு இந்த டிஸ்க் முழுவதிலும் இது ஒன்றுதான் பிடித்தது.

மோசமானவையும் நிறைய. 'ரோலிங் டெமோ' என்று போட்டிருந்தால் தாண்டிவிடுங்கள். விளையாட்டு தானாக ஓடும், பட்டனைத் தொட்டால் மெனுவுக்குத் திருப்பி அனுப்பும். கார்ப் பந்தய டெமோக்கள் சிலவற்றில் மூன்றாவது வளைவு வருவதற்குள் நேரம் முடிந்து திரை இருட்டாகிவிடும். வண்டியின் குணம் தெரிவதற்குள் இறக்கிவிட்டால் அதில் என்ன ருசி இருக்கும்?

கடைசியாக, இந்த டிஸ்க்குகளை இன்றும் தேடி வாங்கத் தகுந்தவை ஆக்குவது டெமோவே அல்லாத ஒரு பகுதி. நெட் யாரோஸ் விளையாட்டுகள். சோனி 1997-ல் ஐரோப்பாவில் விற்ற கருப்பு நிற பிளேஸ்டேஷன்தான் நெட் யாரோஸ். வீட்டுக் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து, சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதி, யார் வேண்டுமானாலும் விளையாட்டு செய்யலாம். செய்தவர்களால் டிஸ்க் போட முடியாது. மொத்த விளையாட்டும் மெஷினின் 2 எம்பி நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். சாதாரண மெஷின் வைத்திருந்த எங்களைப் போன்றவர்கள் அவற்றைக் கண்ணால் பார்க்க இருந்த வழி இந்தப் பத்திரிகை டிஸ்க்தான். அதில் வந்தவை துண்டு அல்ல, முழு விளையாட்டு.

டெரா இன்காக்னிடா ஒரு சாகச விளையாட்டு. கத்தியும் கேடயமுமாக ஒரு சின்ன உலகமே அந்த 2 எம்பிக்குள் இருக்கிறது. எனக்கு அதைவிட டைம் ஸ்லிப் பிடிக்கும். ஒரு நத்தை. காலத்தில் பின்னால் போனால், சற்று முன் நாம் ஆடிய ஆட்டத்தை இன்னொரு நத்தை அப்படியே திருப்பி ஆடும். முதல் ஓட்டத்தில் போய் ஒரு பொத்தானின் மேல் நின்றுவிட்டு, இரண்டாவது ஓட்டத்தில் அந்த நத்தை நிற்கும் நேரம் பார்த்துத் திறந்த கதவு வழியாக நுழைய வேண்டும். தன்னைத் தானே இடித்துக்கொண்டால் ஆட்டம் காலி. தம்பி அதைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, நிமிடம் குறித்து, திட்டம் போட்டுத் தீர்த்தான். இப்போது அவன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் புரோகிராம் எழுதுகிறான். கேட்டால் இந்த நத்தையைத்தான் முதலில் சொல்வான். இது மாதிரி ஒன்றை யாரோ ஒருவர் தன் வீட்டறையில் உட்கார்ந்து செய்தார் என்பதே எங்களை உலுக்கியது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாரும் டிஸ்க்கைத் திருப்பிக் கருப்புப் பக்கத்துக் கீறலைத்தான் பார்க்கிறார்கள். அங்கே பிளாஸ்டிக் தடிமன், லேசான கீறலை மெருகேற்றி எடுத்துவிடலாம். தகவல் இருக்கும் பளபளப்புப் படலம் பெயர் அச்சிட்ட பக்கத்துக்கு அடியில்தான், மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது. நம்மூரில் இரண்டு பருவமழையும் கடல் காற்றும் சேர்ந்து அதைத்தான் முதலில் அரிக்கும். அந்தப் பக்கம் உரிந்திருந்தால் என்ன விலை சொன்னாலும் வேண்டாம். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகச் சுற்றாதீர்கள். பாலித்தீன் உறையில் அடைத்து அலமாரியில் மறந்துவிடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.